சனிக்கிழமைச் சாரதி

அமெரிக்காவின் புறநகர்களில், அதிலும் ஒகையோ, இந்தியானா போன்ற மாநிலங்களில், வீட்டைச் சுற்றி அரை ஏக்கரும் அதற்கு மேலும் புல்தரை வைத்திருக்கும் குடும்பத் தலைவர்களிடையே, ஏப்ரல் பிறந்ததும் தவறாமல் தலைகாட்டும் ஒரு மனித வகையைச் சனிக்கிழமைச் சாரதி என்று அழைப்பது பொருந்தும். தேரோட்டிக்குரிய பெயரை இவருக்குச் சூட்டுவது மிகையன்று. இவர் ஓட்டுவது தள்ளிக்கொண்டு நடக்கும் சிறு புல்வெட்டி அன்று, மெத்தை தைத்த இருக்கையும் ஸ்டியரிங்கும் முன்விளக்கும் குளிர்பானக் கோப்பை வைக்க ஒரு குழியும் உடைய, வயிற்றுக்கடியில் கத்திகள் சுழலும் ஒரு குட்டி டிராக்டர். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்தில் மூன்று மேலாளர்களுக்கும், மீதி நேரத்தில் வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்கும், பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகளின் மருத்துவருக்கும் பதில் சொல்லிக் களைத்த இவர், எவருக்கும் பதில் சொல்லாமல் வீற்றிருக்கும் ஒரே அரியணை அந்த இருக்கைதான். அந்த அரியணைக்கு அடியிலும் ஒரு சுவிட்ச் ஒளிந்திருந்து, ஐயா உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது இவருடைய வாழ்க்கையின் தீராத மனத்தாங்கல்.

புல்லை வெட்டுவது ஒரு மனிதனின் கௌரவத்தோடு எப்படிப் பிணைந்தது என்பதற்குச் சிறிது வரலாறு உண்டு. 1830இல் இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் படிங் என்பவர், நெய்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலைப் பொறியைப் பார்த்து, அதே வித்தையைத் தரைக்குக் கொண்டுவந்து முதல் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அரிவாளும் ஆட்டுமந்தையும் செய்த வேலை அது. 1947இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உருவாகத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில், வீட்டோடு புல்தரையையும் சேர்த்தே விற்றவர்கள், வாரம் ஒருமுறை அதை வெட்டியாக வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். இன்றும் புல்லின் உயரத்துக்கு வரம்பு வைத்து, மீறினால் அபராதம் விதிக்கும் ஊர்கள் அங்கே பல. ஆகவே இயந்திரம் ஒரு சனிக்கிழமை கிளம்பாமல் போவது அவருக்கு வெறும் பழுது அன்று, தெருவே பார்க்க நேரும் மானக்கேடு.

இனி அந்த இயந்திரத்தின் மின்சார ஏற்பாட்டை அறிந்துகொள்ளாமல் இவரை அறிந்துகொள்ள இயலாது. சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து புறப்படும் சிறிதளவு மின்சாரம், ஃபியூஸ் வழியாகச் சாவித் துவாரத்தின் பின்னுள்ள சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து பிரேக் பெடலுக்கு அடியில் உள்ள சுவிட்சையும் கத்திகளை இயக்கும் பிடியோடு சேர்ந்த சுவிட்சையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிச் சோலனாய்டை அடைகிறது. சோலனாய்டு என்பது சிறு மின்சாரத்தால் தூண்டப்பட்டுப் பெரு மின்சாரத்துக்குக் கதவு திறந்துவிடும் காந்தச் சுவிட்ச். அது மூடிக்கொண்டால்தான் பருத்த கம்பி வழியே பாட்டரியின் முழு வலிமையும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போய் இன்ஜின் சுழலும். பிரேக் மிதிக்கப்பட்டிருக்க வேண்டும், கத்திகள் விலக்கப்பட்டிருக்க வேண்டும், சில வகைகளில் ஆளும் அமர்ந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பொய்த்தாலும் சிறு மின்சாரம் வழியிலேயே நின்றுவிடும். பாட்டரி என்னும் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரிகளான இந்தச் சுவிட்சுகள் கொடுக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு ஒரு வழி என்றால் நிற்பதற்கு வேறொரு வழி. இத்தகைய இன்ஜின்கள் பலவற்றில் தீப்பொறிக்குப் பாட்டரியே தேவையில்லை; சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் ஒரு கம்பிச் சுருளைக் கடக்கும்போதெல்லாம் பொறி தானாக உண்டாகும், இதற்கு மேக்னெட்டோ என்று பெயர். ஆகவே இன்ஜினை நிறுத்த வேண்டுமானால் எதையும் துண்டிக்கக் கூடாது. அந்தச் சுருளிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியை இயந்திரத்தின் இரும்புடம்போடு சேர்க்க வேண்டும், அதாவது எர்த் செய்ய வேண்டும். கத்தி சுழலும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால், இருக்கைச் சுவிட்ச் செய்வது இதைத்தான். பின்னோக்கி வரும்போது கத்தி ஓடினாலும் பல இயந்திரங்களில் இதே கதி. இணைத்தால் நிற்கும், பிரித்தால் ஓடும் என்னும் இந்தத் தலைகீழ் நியாயம், வீட்டு விளக்குச் சுவிட்சோடு வளர்ந்த நம் சாரதியின் அறிவுக்கு எட்டினாலும் கைகளுக்கு எட்டுவதில்லை.

பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் கவனிப்பாரற்றுக் கிடந்த இயந்திரத்தின் மேல் அவர் ஏப்ரலில் ஏறி அமரும் காட்சி, நெடுநாள் பிரிவுக்குப் பின் உறவினரைச் சந்திக்கும் காட்சியை ஒத்தது. எதிரில் இருப்பவர் பேச மறுக்கிறார் என்பது ஒன்றே வேறுபாடு. உண்மையில் இயந்திரம் பேசத்தான் செய்கிறது. டகடகடக என்று விடாமல் தட்டினால் பாட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது அதன் முனை தளர்ந்திருக்கிறது என்று பொருள். டக் என்று ஒரே ஒரு தட்டு விழுந்து அமைதியானால், சிறு மின்சாரம் சோலனாய்டுக்கு வந்துசேர்ந்துவிட்டது, ஆகவே சாவியும் பிரேக் சுவிட்சும் கத்திச் சுவிட்சும் நிரபராதிகள், குற்றம் அதற்கு அப்பால் இருக்கிறது என்று பொருள். சத்தமே இல்லாவிட்டால்தான் ஃபியூஸையும் சுவிட்சுகளையும் ஐயுற வேண்டும். இன்ஜின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால், பெட்ரோல் வரவில்லை, அல்லது நிறுத்தும் கம்பி எங்கோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கத்தியை இயக்கிய கணத்தில் இன்ஜின் அணைந்தால் பெரும்பாலும் இருக்கைச் சுவிட்ச். இவ்வளவு தெளிவாக ஒரு நோயாளி தன் நோயைச் சொல்லும்போது, மருத்துவர் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு கேட்பது மட்டுமே. நம் சாரதியோ அந்த நேரத்தில் இயந்திரத்தின் பிறப்பையும் அதை விற்றவரின் நேர்மையையும் குறித்து உரத்த குரலில் பேசிக்கொண்டிருப்பதால், தட்டு ஒன்றா பலவா என்பது அவர் காதில் விழுவதில்லை.

மல்டிமீட்டர் என்னும் அளவைக் கருவி அவரிடம் இல்லாமலில்லை. மின்னழுத்தத்தையும் தடையையும் காட்டும் அக்கருவி, காப்பித்தூள் டப்பாக்களில் நிறைந்த பல்லாயிரம் திருகாணிகளுக்கிடையே மரியாதையான ஓரிடத்தில் இருக்கிறது, அதனுள் இருக்கும் பாட்டரியும் தீர்ந்துபோயிருக்கிறது. ஆகவே அவர் அளப்பதில்லை, வாங்குகிறார். முதல் வாரம் புதிய பாட்டரி வருகிறது; பழையதை ஓய்வாக இருக்கையில் அளந்திருந்தால் அது 12.6 வோல்ட் காட்டி நிறைந்த உடல்நலத்தோடு இருந்திருக்கும். இரண்டாம் வாரம் சோலனாய்டு, மூன்றாம் வாரம் ஸ்டார்ட்டர், நான்காம் வாரம் சாவிச் சுவிட்ச். ஒவ்வொரு புதிய உறுப்பையும் பழைய துருவேறிய முனைகளிலேயே அவர் பூட்டுவதால், இயந்திரம் ஏறக்குறைய முழுவதும் புதிதாகிறது, நோய் மட்டும் அப்படியே இருக்கிறது. புல் முழங்காலைத் தொடுகிறது.

இக்கட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர், கையில் ஒரு பீர் டின்னோடு வேலியோரம் வந்து நிற்பார். இயந்திரத்தைத் தொடாமலேயே தீர்ப்புச் சொல்லும் கலையில் கைதேர்ந்த அவர், எல்லாம் அந்தப் பாதுகாப்புச் சுவிட்சுகளின் வேலைதான், வழக்கறிஞர்களுக்குப் பயந்து மாட்டி வைத்திருக்கிறார்கள், தம் தகப்பனார் காலத்து இயந்திரத்தில் இவையெல்லாம் ஏது என்று கூறி விடைபெறுவார். சாரதிக்கு ஞானம் பிறப்பது இங்கேதான். ஏற்கெனவே இருக்கைச் சுவிட்சின் மேல் அவருக்குப் பழைய பகை உண்டு: வயதான சுருள்வில்லின் மேல் அவர் அமர்ந்து மேடுபள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் உடல் ஒரு விநாடி மேலெழும்ப, ஆள் இறங்கிவிட்டார் என்று எண்ணி இன்ஜின் இருமும், அதற்கு அவர் கார்புரேட்டரைப் பழிப்பார். எடை குறைந்த அவருடைய மனைவி ஒருமுறை ஏறிக் கத்தியை இயக்கியபோது இன்ஜின் அணைந்ததைக் கண்டு, இயந்திரத்துக்கு எஜமானர் யார் என்று தெரிகிறது எனப் பெருமிதமும் கொண்டவர். சுவிட்சுக்குத் தெரிந்தது எஜமானரை அன்று, எடையை.

ஆகவே ஒரு ஜெம் கிளிப் வருகிறது. காகிதம் கோக்கும் அக்கம்பியை வளைத்து, சேர்ந்தால் ஓட விடும் சுவிட்சின் இணைப்பில் இரு துவாரங்களிலும் செருகிவிட்டால், சுவிட்ச் இருந்தும் இல்லாததாகிறது; நம்மூர் மெக்கானிக்குகள் இதை ஒரே சொல்லில் ‘டைரக்ட்’ என்பார்கள். சேர்ந்தால் நிறுத்தும் இருக்கைச் சுவிட்சுக்கோ கிளிப் உதவாது; அதன் இணைப்பைக் கழற்றலாம் என்றால், சிலவகை இயந்திரங்களில் கழற்றியதுமே உள்ளே உள்ள சிறு தகடு தானாகச் சேர்ந்து எர்த் ஆகிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். இவரைப் போன்றவர்களை முன்கூட்டியே அறிந்திருந்த எவரோ வரைந்த வரைபடம் அது. அங்கே தோற்ற சாரதி, ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சோலனாய்டின் இரு பருத்த முனைகளுக்கும் குறுக்கே வைத்து, கத்தரிப்பூ நிறத்தில் பொறி பறக்க, இன்ஜினை நேரடியாகச் சுழற்றத் துணிவதும் உண்டு. அந்த மின்சாரம் எந்தச் சுவிட்சையும் கேட்டு வருவதில்லை. கியர் விழுந்திருந்தால் இயந்திரம் பக்கத்தில் குனிந்து நிற்பவரின் காலைக் கேட்டும் நகர்வதில்லை.

இந்த இடத்தில் நகைப்பைச் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்று, தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளுக்கு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1982 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது. ஏறி ஓட்டும் வகைக்குப் பி71.1 என்னும் தொழில்துறைத் தரநிலை இருக்கிறது. பின்னோக்கி வரும்போது கத்தியை நிறுத்தும் சுவிட்ச் வழக்கறிஞர்களுக்காக வந்ததன்று. தந்தையின் இயந்திரச் சத்தம் கேட்டு ஆவலோடு ஓடிவரும் குழந்தைகள், திரும்பிப் பார்க்காமல் பின்னால் வந்த இயந்திரத்தின் கீழ் சிக்கியதால் வந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இதை ஓட்டக் கூடாது, குழந்தையை மடியில் வைத்து ஓட்டவே கூடாது என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. சாரதியோ கடைக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்.

உண்மைக் குற்றவாளி பிடிபடுவது பெரும்பாலும் தற்செயலாகத்தான். பாட்டரியின் எதிர்மின் முனையிலிருந்து புறப்பட்டு இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டோடு முடிகிற கறுப்புக் கம்பிதான் எர்த். மின்சாரம் திரும்பி வரும் ஒரே பாதை அது. நான்கு பனிக்காலத்து ஈரத்தில் அந்த போல்ட்டுக்கு அடியில் துரு படர்ந்தால், பாட்டரி எவ்வளவு கொழுத்திருந்தாலும் ஸ்டார்ட்டருக்கு எச்சில்தான் மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்க, மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்மின் முனையிலும் மற்றதை இன்ஜினின் உடம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பினால் போதும். அரை வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் வழியில் அடைப்பு இருக்கிறது. பரிகாரம், ஒரு கம்பி பிரஷும் உப்புத்தாளும். பாட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், தமிழர் ஆப்ப மாவில் போடும் அதே சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கழுவினால் போதும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று இதைச் சொல்லலாம், நம் சாரதி நான்கு கடைகளில் நெய்யும் வாங்கிவிட்டார் என்பதைச் சேர்த்துக்கொண்டால். எர்த் கம்பியும் நன்றாக இருந்தால் மீதிச் சந்தேகம் எலிமேல் விழுகிறது. பனிக்காலத்தில் இன்ஜின் உறைக்குள் பஞ்சும் புல்லும் கொண்டு கூடுகட்டிப் பிள்ளை பெற்ற எலி, பொழுதுபோகாமல் கம்பியின் மேலுறையைக் கொறித்துவிட்டுப் போயிருக்கும்.

அந்த எர்த் போல்ட்டை ஒருநாள் மாலை, வேறு எதையோ தேடப் போன அவருடைய மனைவி தொட்டுப் பார்த்து, ஆடுகிறதே என்று சொல்கிறார். சாரதி அதை இறுக்குகிறார், இயந்திரம் முதல் திருப்பிலேயே உறுமுகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுநாள் அவர், கடைசியில் சுவிட்சுகளை எல்லாம் ஒழித்துக்கட்டியதும் ஓடத் தொடங்கிவிட்டது என்று விவரிக்கிறார். ஜெம் கிளிப்பை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டோ மூன்றோ ஆண்டு கழித்து, புதிய பெரிய இயந்திரம் ஒன்றின் மேல் ஆசைவந்து, இதை அவர் வீட்டு வாசலில் விலை எழுதி நிறுத்துவார். ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை என்பார், அது ஒருவகையில் உண்மையும்கூட. அவ்வாறு பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் டயரையும் பார்க்குமுன் இருக்கையைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். பிறகு, அருகில் எவரும் இல்லாத சமதரையில் அமர்ந்து இன்ஜினைக் கிளப்பி, கத்தியை இயக்கி, இருக்கையிலிருந்து சற்றே உடலை உயர்த்திப் பார்க்க வேண்டும். உடனே அணைந்தால் நல்ல இயந்திரம். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், புதுச் சுவிட்ச் மாட்டும் வரையில் அதன்மேல் எவரையும் ஏற்ற வேண்டாம்.