தெருவைத் தாண்டினால் வாத்தியார் இல்லை

“கவலை வேண்டாம், உங்கள் சான்றிதழ் இங்கேயும் செல்லும்” என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலிருந்து “ஆனால்” போட ஆரம்பிக்கும் அரசாங்கக் குறிப்புகளுக்கென்று ஏதாவது தண்டனை இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்து ஆசிரியர் உரிமத்தை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழியைச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். படித்து முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. நான் வாத்தியார் இல்லை. என்னை எந்த வகுப்புக்குள்ளும் விடக் கூடாது என்பதில் எனக்கும் அந்த ஐம்பது மாநிலங்களுக்கும் முழு உடன்பாடு உண்டு. இருந்தாலும் அடுத்தவர் விண்ணப்பத்தைப் படித்துக் கடுப்பாவது நம்மில் பலருக்கு இருக்கும் வியாதிதானே. இதற்கு எளிமையான ஒரு தீர்வு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கான்சஸ் சிட்டியில் ஸ்டேட் லைன் ரோடு என்றொரு சாலை. ஒரு பக்கம் மிசௌரி, எதிர்ப் பக்கம் கான்சஸ். மிசௌரிப் பக்கத்தில் இருபது வருஷம் பின்னக்கணக்கு நடத்திய ஒருவர் சாலையைக் கடந்தால், புது உரிமம் கைக்கு வரும்வரை அவர் பின்னம் தெரியாதவர். கல்வி மாநிலங்களின் அதிகாரம், மாநிலத்துக்கு மாநிலம் பாடம் வேறு, அதனால் சோதித்துத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். நியாயம்தான். அலாஸ்காவில் பாடம் நடத்துகிறவருக்கு அலாஸ்காவின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். மான்டனாவில் அங்குள்ள பழங்குடி மக்களைப் பற்றிய பாடத்தை ஆசிரியர் முடித்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிடித்தமான விதியும்கூட. ஆனால் இதையெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு படிக்கக் கூடாதா? அரிசோனா தன் அரசியலமைப்பை ஆசிரியர்கள் படித்தே ஆக வேண்டும் என்கிறது. அதற்குப் பெரும்பாலானவர்களுக்கு மூன்று வருஷம் வரை அவகாசமும் தருகிறது. மூன்று வருஷம் பொறுக்க முடிகிற விஷயத்துக்காக யாரையும் வாசலில் நிறுத்தத் தேவையில்லை. மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் இல்லாமலும் இல்லை. நாஸ்டெக் என்ற அமைப்பு நடத்தும் ஒப்பந்தம் பல காலமாக இருக்கிறது. அதன்படி கனெக்டிகட் சான்றிதழை ஜார்ஜியா ஏற்கலாம். அதற்காக ஜார்ஜியா சான்றிதழைக் கனெக்டிகட் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘என் வீட்டுக்கு வந்தால் என்ன கொண்டு வருவாய், உன் வீட்டுக்கு வந்தால் என்ன தருவாய்’ கணக்குத்தான்.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். கைரேகையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மனிதனின் விரல் ரேகை அவன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் படிக்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், தலைமுடியை இழக்கிறான், மூன்று மாநிலங்கள் மாறுகிறான். ரேகை அப்படியே இருக்கிறது. மாறாதது என்பதால்தான் அதை எடுக்கவே எடுக்கிறார்கள். எடுத்த ரேகை போய்ச் சேரும் இடமும் ஒன்றுதான்: மேற்கு வர்ஜீனியாவில் உள்ள எஃப்.பி.ஐ.யின் தரவுக் கிடங்கு. ஒஹாயோவில் பதித்தாலும் அங்கே, நெவாடாவில் பதித்தாலும் அங்கே. ஆனாலும் புது மாநிலம் ‘புதிதாக’ ரேகை கேட்கிறது, பழைய விரலிலிருந்து. ஒரு காரியத்துக்காக வாங்கிய எஃப்.பி.ஐ. அறிக்கையை இன்னொரு துறைக்கு எடுத்துக் கொடுக்க விதி இடம்தராது என்பது பதில். சரி, விரலின் சொந்தக்காரரே சம்மதித்தால்? ஊஹும். இடைப்பட்ட காலத்தில் அவர் எங்காவது கைதாகியிருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஒருவர் பின்னாளில் கைதானால் தானாகவே தகவல் சொல்லும் ‘ராப் பேக்’ என்ற சேவையை அந்த எஃப்.பி.ஐ.யே வைத்திருக்கிறது. பயன்படுத்தினால் வேலை முடிந்தது. அதைவிட, விரலைக் கட்டணத்தோடு திரும்ப அழைப்பதில்தான் எல்லோருக்கும் திருப்தி. வயதானவர்களுக்கும் கையால் அதிகம் வேலை செய்பவர்களுக்கும் ரேகை தேய்ந்துபோகும். தெளிவில்லை என்று நிராகரித்து மறுபடி வரச்சொல்வார்கள். இரண்டாவது முறையும் தெளிவில்லை என்றால், பெயரை வைத்துச் சோதித்துக்கொள்வதற்கு ஏற்பாடு இருக்கிறது. பெயரை வைத்து! அது முதல் நாளே விண்ணப்பத்தின் முதல் வரியில் இருந்ததே ஐயா!

தரம் முக்கியம், பிள்ளைகள் விஷயத்தில் விளையாடக் கூடாது என்று இதற்கும் ஒரு மறுப்பு வரும். அதை நம்பித் தலையாட்டப் போகும் நேரத்தில்தான் ஃப்ளோரிடாவின் 2022 சட்டம் நினைவுக்கு வருகிறது. 48 மாதம் ராணுவத்தில் இருந்தவர், கல்லூரியில் 60 கிரெடிட் முடித்து, பாடத் தேர்விலும் தேறிவிட்டால், பட்டம் இல்லாமலேயே ஐந்து வருஷத் தற்காலிகச் சான்றிதழ். அரிசோனா அதே ஆண்டில், பட்டப்படிப்பை முடிக்காதவர்களும் ஆசிரியப் பயிற்சியில் சேரலாம் என்று வழி திறந்தது. ஆள் பற்றாக்குறைக்காகச் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே பற்றாக்குறை, பக்கத்து மாநிலத்தில் முறையாகப் பயிற்சி பெற்று இருபது வருஷம் பாடம் நடத்தியவர் வந்து நின்றதும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? புதியவருக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு, பழையவருக்குப் பூட்டிய முன்வாசல் என்றால், அங்கே காக்கப்படுவது தரம் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ராணுவத்தினரின் கணவன் மனைவிமார் அடிக்கடி ஊர் மாற வேண்டியிருப்பதால், அவர்கள் கையில் இருக்கும் உரிமம் போகிற இடத்திலும் செல்லும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசே சட்டம் போட்டது. அவர்களுக்கு முடிந்தது, சாலையைக் கடந்தவருக்கு முடியாதாம்.

அந்த ஆண்டே இன்னொன்றும் நடந்தது. பட்டமும் பயிற்சியும் குறையில்லாத உரிமமும் இருந்தால் அதற்கு இணையான உரிமத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் புது ஒப்பந்தம் ஒன்றில் பத்து மாநிலங்கள் சேர்ந்து, அது நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியா, டெக்ஸஸ், நியூயார்க் மூன்றும் அந்தப் பத்தில் இல்லை. பெரிய வீட்டுக்காரர்கள் முதல் பந்தியில் உட்கார மாட்டார்கள் போலிருக்கிறது. நான் சொல்ல வந்த தீர்வுகூடக் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான், கொஞ்சம் இன்னும் எளிது. அதைச் சொல்வதற்கு முன் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தால், புது மாநிலம் தன் பங்குக்குப் பின்னணிச் சோதனை நடத்திக்கொள்ளலாம் என்று ஒரு விதி அதிலும் இருக்கிறது. அதாவது, மறுபடியும் கைரேகை. போவதற்குச் சில நாள் முன்பிருந்தே விரல்களில் கிரீம் தடவி வந்தால் ரேகை கொஞ்சம் தெளிவாக விழுமாம்.