அமெரிக்கக் காங்கிரஸுக்கு ஒரு நன்றிக் கடிதம்

மாண்புமிகு உறுப்பினர்களே,

இன்று காலை என் மின்னஞ்சல் பெட்டியில் வழுக்கைக்குத் தைலம், நான் வாங்காத கடனுக்கு வட்டித் தள்ளுபடி, கூடவே ஒரு மிரட்டல் கடிதம். மிரட்டியவர் முகவரியைப் பார்த்தேன், என்னுடையதேதான்! 1982-இல் மின்னஞ்சலுக்கு விதி வகுத்தவர்கள் அனுப்புநர் இடத்தில் யார் எதை எழுதினாலும் நம்பிவிட்டார்கள். பாவம், அன்று புழங்கியவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். பின்னால் அனுப்புநரைச் சரிபார்க்க எஸ்பிஎஃப், டிகிம் என்று பூட்டுகள் வந்தன. திருடனும் புது டொமைன் வாங்கி அதே பூட்டைப் போட்டுக்கொண்டான்.

ஆனால் என் நன்றி உங்களுக்குத்தான். 2004 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் குப்பை மின்னஞ்சல் சட்டத்துக்கு 'கேன்-ஸ்பாம்' என்று பெயர் வைத்தீர்கள். அரைகுறை ஆங்கிலம் தெரிந்த நான் 'குப்பை அனுப்பலாம்' என்று படித்தேன். உள்ளே பார்த்தால் நான் படித்ததே சரி. கேட்காமலே விளம்பரம் அனுப்பலாம். வேண்டாம் என்றால் 10 வேலை நாளுக்குள் நிறுத்தினால் போதும். வாசலில் குப்பை கொட்டுகிறவனிடம் வீட்டுக்காரன் மனுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், 'இந்த வீட்டில் ஆள் இருக்கிறது' என்று தெரிந்துகொண்டு மோசடிக்காரன் இன்னும் இரண்டு வண்டி அனுப்புவான்.

முன் அனுமதி வேண்டும் என்று கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டிருந்தது. அதுவும் அதே ஜனவரி 1-இல்தான் வரவிருந்தது. உங்கள் சட்டம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும் 1991-இல் நீங்களே அழையா ஃபேக்ஸ் விளம்பரத்தைத் தடை செய்தவர்கள். தாள் பெறுகிறவருடையது என்று அன்று தெரிந்திருந்தது. மின்னஞ்சலில் தாள் இல்லாததால் செலவே இல்லை என்று நினைத்தீர்களோ? அனுப்புகிறவனுக்குத்தான் இல்லை. 2008-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குப்பை அஞ்சல் வலைப்பின்னலுக்குள் புகுந்து எண்ணினார்கள். ஏறக்குறைய 35 கோடி மருந்து விளம்பரங்களுக்கு விற்பனை 28. இத்தனை நோட்டீஸ் அச்சடித்தவன் தலையில் துண்டுதான். மின்னஞ்சல் குப்பைக்காரனோ ஊரார் கணினிகளைக் களவாடி அவற்றின் வழியே அனுப்புகிறான். 28 பேர் தாராளம்.

இன்னொன்றையும் ரசித்தேன். சட்டம் வணிக அஞ்சலுக்கு மட்டும்தான். உங்கள் கட்சிகள் தேர்தல் நிதி கேட்டு அனுப்புகிறவை அதில் சேரா.

கேட்டவருக்கு மட்டும் அனுப்பு என்று ஒரு வரி திருத்தம் கொண்டுவாருங்கள். பதிலைத் தபாலில் போடுங்கள். அஞ்சல்தலை ஒட்டக் காசு செலவாகும்போது யோசித்து எழுதுவீர்கள்.

இப்படிக்கு,
குப்பைத்தொட்டிக்காரன்