மேற்குச் சென்னைக் கார்களின் முகப்பு விளக்குகளில் மஞ்சள் பூத்தல்: பல்பொடி மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

பாடி மேம்பாலத்துக்கு மேற்கே, திருநின்றவூருக்குக் கிழக்கே, பூந்தமல்லிக்கு வடக்கே அமைந்த நிலப்பரப்பே இவ்வாய்வின் எல்லை. வடக்கு எல்லை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தனி நூல் வேண்டும். இவ்வெல்லைக்குள் வீட்டுக்கு வெளியே, வேப்பமரமும் இல்லாமல், வெயிலில் நிற்கும் கார்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஷெட்டுக்குள் நிற்கும் கார்களின் உரிமையாளர்கள் வசதியானவர்கள். அவர்களுக்கு ஆய்வு தேவைப்படாது.

இத்துறையில் இதற்கு முன் யாரும் ஆராயவில்லை. எல்லா ஆய்வேடுகளிலும் இந்த வரி இருக்கிறது, ஆகவே இங்கும் இருக்கிறது.

கால வரையறை: கண்ணாடிக் காலம், பாலிகார்பனேட் காலம் என இரண்டு. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் முன்னதைச் சேர்ந்தவை. அவற்றின் விளக்கு கல்லடி பட்டால் உடையும், மஞ்சளாகாது. பின்னது எடை குறைந்த, உடையாத பிளாஸ்டிக். 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்மப் பாணிச் சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு உண்டா? இல்லை. ஆனால் இரண்டு தேதிகளை அருகருகே வைத்து, நடுவில் 'கவனிக்கத்தக்கது' என்று ஒரு சொல்லைப் போட்டால் ஓர் இயல் நிரம்பும் என்பது பல்கலைக்கழகங்களில் நிரூபணமான ஒன்று.

தொடர்பு இல்லாவிட்டாலும் பாடம் உண்டு. அதே ஆவடியில் இன்று எந்தக் காரைப் பார்த்தாலும் இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் சமத்துவம் கிடையாது. ஒன்று தெளிவு, மற்றது மோர். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்தே விழுகிறது. மூக்கைத் தெற்கே நீட்டி நிற்கும் காருக்கு இரண்டு கண்ணும் போகும். மேற்கே நீட்டி நிற்கும் காருக்குத் தென்புறத்து இடது கண் முதலில் போகும். "காரைத் திருப்பிப் போடு" என்பதே இதற்கு முன்வைக்கப்படும் தீர்வு (எதிர்வீட்டு மாமா, வாய்மொழி, கேட்டருகே). திருப்பிப் போட்டால் அவர் வாசல் மறையும் என்பதால் இக்கருத்து பின்னர் திரும்பப் பெறப்பட்டது (மேலது, அதே லுங்கி).

மஞ்சளின் காரணம் குறித்து இரு கொள்கைகள் உள்ளன. முதலாவது வேதியியல் சார்ந்தது, ஆகவே சுருக்கமானது: தொழிற்சாலையில் விளக்கின் மேல் ஒரு கடினப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். வெயிலும் சி.டி.எச். ரோட்டுப் புழுதியும் அதைத் தின்றுவிட, புற ஊதாக் கதிர் பாலிகார்பனேட்டின் மேல்தோலைத் தாக்குகிறது. மூலக்கூறுகள் உருமாறி மஞ்சள் நிறப் பொருள்கள் உண்டாகின்றன. நுண்ணிய வெடிப்புகளில் ஒளி சிதறுகிறது. அதனால் நமக்கு ரோடு தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். விளக்கு ஒன்றுதான், நஷ்டம் இருவருக்கு.

இரண்டாவது பண்பாட்டியல் சார்ந்தது. பிரான்சில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் வெளிச்சம் சட்டப்படி கட்டாயம். புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புதுச்சேரியிலிருந்து அம்பத்தூருக்கு வருவோர் போவோர் உண்டு. ஆகவே நம் விளக்குகள் மஞ்சளாவது காலனிய எச்சமே. வேதியியல் கொள்கைக்கு ஆதாரம் இருக்கிறது. இதற்குக் கருத்தரங்கம் இருக்கிறது.

நீக்கும் முறைகளுக்கு வருவோம். எலுமிச்சை, ஆப்ப சோடா: கை மணக்கும். கோலா: எறும்பு வரும். கொசு விரட்டும் ஸ்பிரே: டீட் கலந்ததாயிருந்தால் உடனே பளபளக்கும். காரணம், அது பிளாஸ்டிக்கையே கரைக்கிறது.

பற்பசை மரபை இப்படிக் கடந்துவிட முடியாது. இராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரும் திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லியும் ஒரே நெடுஞ்சாலையில் இருக்கின்றன. தத்துவத்தில் கிளை பிரிவது இந்த ரோட்டுக்குப் புதிதல்ல. வெண்பசையார், ஜெல்லார், பொடியார் என இம்மரபு மூன்றாகப் பிரியும். பசையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கும் உட்பிரிவும் ஒன்று உண்டு. அவர்கள் கேட்பதோடு சரி.

வெண்பசையார் வாதம்: பசையில் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ இருக்கிறது, அது மென்மையாக அரைக்கும், பல்லுக்குச் செய்வதை விளக்குக்கும் செய்யும். ஜெல்லார் மறுப்பு: தெளிவில்லாத ஒன்று தெளிவை எப்படித் தரும்? இது தர்க்கம் போலத் தோன்றுவதால் பலர் இதற்கு மாறினர் (டீக்கடை பெஞ்சு, இடது ஓரம், மாலைப் பதிப்பு, இரண்டாவது பஜ்ஜிக்குப் பின் திருத்தியது). பொடியாரோ தாமே தொன்மையானவர் என்பர். கோபால் பல்பொடி, நஞ்சன்கூடு பல்பொடி, 1431 பயோரியா பல்பொடி ஆகிய முதன்மைப் பனுவல்களைக் காட்டுவர். கார் வருமுன்பே பொடி இருந்தது என்பதால் கார் விளக்குக்கு அதுவே உரியது என்பது அவர்தம் துணிபு. பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டுமா, விரலில் தொட்டா என்பதில் அவர்களுக்குள் வழக்கு நடக்கிறது. விரலார், ஆட்காட்டி விரலையே பரிந்துரைப்பர். இதற்கான மூலச் சான்று ஒரு பழைய பல்பொடி டப்பாவின் அடியில் உள்ளது (திருமுல்லைவாயில் பிரதி, தகரம் துருவேறியது, முதலிரண்டு எழுத்துகள் சிதைந்துள்ளன, மூன்றாவதை ஒரு சாரார் 'ப' என்றும் மறுசாரார் 'ம' என்றும் வாசிப்பர், இரு தரப்பும் ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை, டப்பாவைச் சுரண்டிப் பார்த்த வீட்டுப் பேரன், அது எழுத்தே இல்லை, எலி கடித்த இடம் என்கிறான், பேரனுக்கு முனைவர் பட்டம் இல்லாததால் அக்கருத்து கணக்கில் கொள்ளப்படவில்லை).

களஆய்வில் கண்டது: மூன்று பள்ளியும் தேய்த்தவுடன் பளிச்சென்றுதான் ஆகின்றன. சில வாரத்தில் பழைய மஞ்சள் திரும்பிவிடுகிறது. பசை மேலோட்டமாக மெழுகுகிறதே தவிர, கெட்ட தோலை முழுவதும் எடுப்பதில்லை, புதுத் தோலும் போடுவதில்லை. இப்படி மேற்பரப்பை மட்டும் துடைத்து, ஒரு பருவத்துக்குள் மங்கிப்போகும் வேலைக்கு விளக்குத் துறையில் பெயர் இல்லை. இலக்கியத் துறையில் 'மறுவாசிப்பு' என்பார்கள்.

பயன்படும் முறை கல்விப்புலத்துக்கு வெளியே, அம்பத்தூர் எஸ்டேட் டிங்கர்களிடம் இருக்கிறது. அடிக்குறிப்பு இல்லாததால் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. விளக்கைச் சுற்றிப் பெயின்ட்டில் படாதபடி மாஸ்கிங் டேப் ஒட்டு. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறப்போடு. 800, 1000, 1500, 2000 என்று எண் ஏற ஏறத் தேய். தேய்க்கும்போது வழியும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். முதலில் மஞ்சள் கலந்த பாலாக இறங்கும். அது வெள்ளையாக மாறியதும்தான் கெட்ட தோல் போனதென்று கணக்கு. இந்தக் கட்டத்தில் விளக்கு முன்னைவிட மோசமாக, தேய்த்த தரை போல இருக்கும். வீட்டார் வாசலுக்கு வந்து "இதுக்கு மஞ்சளாவே இருந்திருக்கலாம்" என்று சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். பயப்படக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட்டை மெல்லிய கையாக இரண்டு மூன்று தடவை அடித்தால் தெளிவு வந்துவிடும். ரப்பிங் காம்பவுண்டு மட்டும் போட்டாலும் மினுங்கும். ஆனால் மேல்பூச்சு இல்லாமல் விட்டால் வெயில் மறுபடி வேலையைத் தொடங்கும். கடினமாக்கி கலந்த கிளியர் கோட்டுக்கு நல்ல மாஸ்க் அவசியம், அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. மஞ்சள் உட்புறமாக இருந்தால் இத்தனையும் வீண்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். எச்4 பல்பு 60/55 வாட். போதவில்லை என்று 100/90 போடுவோர், ஹோல்டர் உருகிய வாசனையில் ஞானம் பெறுவர். ஹாலஜனுக்கு வடித்த கிண்ணத்தில் எல்.இ.டி. மாட்டுவோருக்கு வெளிச்சம் மரத்தின் உச்சியில் விழும், ரோட்டில் விழாது. உண்மையான திருடன் வயரிங்குக்குள் இருக்கிறான். பல்புக்குப் போகும் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். பச்சை பூத்த எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தடித்த வயர் இழுத்தால், பல்பை மாற்றாமலே இரவு வெளுக்கும். இதை அளக்க இவ்வாய்வில் 'எருமை' என்னும் அலகு பயன்படுத்தப்பட்டது: பருத்திப்பட்டு ரோட்டில் படுத்திருக்கும் எருமை, பிரேக் போட அவகாசம் விட்டுத் தெரிந்தால் ஓர் எருமை. எழுந்து போனபின் தெரிந்தால் சுழியம்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வலப்பக்கம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் வைத்திருக்கும் ஒருவருக்கு அது கூசக் கூடாது. அப்படி ஒருவரைக் கரையான்சாவடி சிக்னலில் தேடியதில் கிடைத்தவர் போக்குவரத்துக் காவலர். அவர் பேச விரும்பியது வேறு விஷயம்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை போடுவதையும் ஆதாரமாகச் சேர்க்கச் சொன்னார் நெறியாளர். எதற்கு ஆதாரம் என்று சொல்லவில்லை. சேர்க்கப்பட்டது.

வாய்மொழித் தேர்வு குறித்த நாளில், முந்திரி பக்கோடாவுடன் நடைபெற்றது. புறத்தேர்வாளர் முந்நூறு பக்கத்தையும் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: தன் காரும் வெளியேதான் நிற்கிறது, கிளியர் கோட் மிச்சம் இருக்கிறதா? இருந்தது. பட்டம் பரிந்துரைக்கப்பட்டது.