புளிக்கட்டும், பொங்க வேண்டாம்

கச்சான் காற்று தொடங்கினால் எனக்குத் தபால் கூடும். மா பொங்கி வழிந்தது, போத்தல் வெடித்தது, தயிர் கடுத்தது என்று ஆளுக்கொரு முறைப்பாடு. எல்லா வழக்கிலும் எதிரி ஒருவர்தான்: வெக்கை. இந்த முறை முழுப் பக்கத்தையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வீட்டிலேயே பியர் செய்து பார்க்க ஆசை. இந்தச் சூட்டில் வாளியைக் குளிராக வைத்திருக்க ஆகக் குறைந்த செலவில் என்ன வழி?
— இளைஞர், நிலாவெளி

பதில்: செய்யாமல் விடுவது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, தம்பி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடித்தது கசிப்பா பியரா, ருசி எப்படி என்றெல்லாம் மதுவரிக்காரர் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். தண்டப்பணத்தையும் செலவில் சேர்த்துப் பாருங்கள். கை துறுதுறுத்தால் இஞ்சி பியர் போடுங்கள். ஈஸ்ட் படுத்தும் பாடு இரண்டிலும் ஒன்றுதான்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் அனுப்பிய குறிப்பைப் பார்த்து இஞ்சி பியர் போட்டேன். "ஐந்து நாள் வெளியில் வை" என்று இருந்தது. மூன்றாம் நாள் இரவே ஒரு போத்தல் வெடித்துவிட்டது. சத்தத்தில் இவர் பழைய ஞாபகத்தில் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். குறிப்பில் பிழையா?
— அம்மா ஒருவர், சாம்பல்தீவு

பதில்: ஐயாவை முதலில் வெளியே வரச் சொல்லுங்கள். குறிப்பு சரி, அடுப்படிதான் வேறு. மகளின் அடுப்படி 20 டிகிரி, உங்களுடையது 32. பத்து டிகிரி ஏறினால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அங்கே ஐந்து நாளில் சேரும் காற்று இங்கே இரண்டு நாளில் சேர்ந்துவிடும். மூன்றாம் நாள் வரை போத்தல் பொறுத்ததே அதன் நல்ல குணம்.

இனிமேல் கண்ணாடிப் போத்தல் வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில், மேலே நாலு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். காலையும் மாலையும் விரலால் அமத்திப் பாருங்கள். அமத்த முடியாமல் இறுகிவிட்டால் முடிந்தது, உடனே பிரிட்ஜுக்குள் போகட்டும். குளிரில் ஈஸ்ட் சாகாது, தூங்கும். ஆகவே பிரிட்ஜில் இருக்கிறதே என்று மாதக் கணக்கில் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் விருந்தினர் விடுதியில் 20 லீட்டர் வாளியில் இஞ்சி பியர் போடுகிறோம். சில நாள் அருமை, சில நாள் பெயின்ட் மணம். வெள்ளைக்காரர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஏசி அறையில் வைக்க முதலாளி விடமாட்டார். என்ன செய்யலாம்?
— சமையற்காரர், நிலாவெளிக் கடற்கரை

பதில்: முதலாளி செய்தது சரி. அந்தக் கரண்ட் பில்லுக்கு இஞ்சித் தோட்டமே வாங்கலாம்.

பெயின்ட் மணம் வருவது ஈஸ்ட் பதறி வேலை செய்வதால். 30, 32 டிகிரியில் அது சாவதில்லை, மாறாக உற்சாகமாகப் பெருகும். அந்த உற்சாகத்தில் வேண்டாத வாசனைகளையும் அள்ளிப் போடும். இன்னொன்று, நொதிக்கும்போது வாளியே சூடு போடும். இரண்டு லீட்டர் போத்தலில் அது தெரியாது. 20 லீட்டரில் வேகம் பிடித்த நேரம் உள்ளே அறையைவிட மூன்று நாலு டிகிரி கூடுதலாக நிற்கலாம். நீங்கள் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து "30தானே" என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஈஸ்ட் 34இல் குதித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே வெப்பமானியை வாளியின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டுங்கள். அதன் மேல் ஒரு துண்டு ரெஜிபோமை வைத்து நாடாவால் சுற்றுங்கள். அறைக் காற்று படாமல் இருந்தால் அது காட்டுவது ஏறக்குறைய உள்ளே இருக்கும் சூடு.

பிறகு வாளியை ஓர் அகலமான பேசினில் வைத்து, பேசினில் ஆறு அங்குலம் தண்ணீர் விடுங்கள். பழைய பருத்திச் சாரம் ஒன்றை நனைத்து வாளியைச் சுற்றி உடுத்தி, கரை தண்ணீருக்குள் தொங்கும்படி விடுங்கள். சாரம் தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். எதிரே ஒரு மேசை ஃபான். இவ்வளவுதான் இயந்திரம். பொலியெஸ்டர் சாரம் வேண்டாம், அது தண்ணீர் குடிக்காது.

இதைச் சிறுபிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், ஏழு கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்துக்குச் சமம். ஐஸுக்குக் காசு, ஆவிக்குக் காசில்லை.

இதில் நம் ஊருக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. தென்மேற்குக் காற்று மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, இங்கே வரும்போது வறண்டு கச்சானாக வருகிறது. உதட்டை வெடிக்க வைக்கும் அதே காற்று ஈரச் சாரத்தை விரட்டி விரட்டி உலர்த்தும். கச்சான் பகலில் 34 டிகிரி என்றால் வாளியை 27, 28க்கு இறக்கலாம். கொழும்பில் இந்த வித்தை இவ்வளவு எடுபடாது. மார்கழி மழையில் இங்கேயும் எடுபடாது, காற்றே நனைந்திருக்கும்போது சாரம் எங்கே உலர்வது? ஆனால் அப்போது அறையே 26, 27இல் இருக்கும், வித்தை தேவைப்படாது.

கேள்வி: 27 போதாது, இன்னும் இறக்க வேண்டுமென்றால்?
— அதே சமையற்காரர் (தொலைபேசியில்)

பதில்: விடமாட்டீர்களே. மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டி ஒன்று தேடுங்கள். மூடி உடைந்த பெட்டியைச் சம்மாட்டியார்கள் சும்மாவே தருவார்கள். வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, தேசிக்காய் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கும்பளா மீன் வாசத்தில் இஞ்சி பியர் குடிக்க நேரிடும். வாளியை உள்ளே வைத்து, தண்ணீர் உறைந்த ஒன்றரை லீட்டர் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கணக்குப்படி அது 20 லீட்டரை ஆறு டிகிரி இறக்கும். பெட்டியில் கசிவது போக நாலு என்று வையுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் முக்கியம். வாசனை நிர்ணயமாவது அப்போது. அதற்குப் பிறகு சற்று ஏறினால் குடி முழுகாது.

கேள்வி: நம்ம ஊரில்தான் உப்பளம் இருக்கிறதே. ஐஸோடு உப்புச் சேர்த்தால் இன்னும் குளிருமாமே?
— பத்தாம் வகுப்பு மாணவன், கோபாலபுரம்

பதில்: குளிரும். அளவாகச் சேர்த்தால் பூச்சியத்துக்குக் கீழே 21 டிகிரி வரை போகும். அதில் ஐஸ்கிறீம் செய். இஞ்சி பியரை விட்டுவிடு.

கேள்வி: அப்பமா முன்பெல்லாம் இரவு கரைத்து வைத்தால் விடியப் பதமாக இருக்கும். இப்போது நடுச்சாமத்திலேயே பொங்கிச் சட்டியை விட்டு இறங்குகிறது. மார்கழியிலோ அசையவே மாட்டேன் என்கிறது.
— மாமி ஒருவர், இறக்கக்கண்டி

பதில்: மாமி, கச்சான் மாதங்களில் கள்ளோ ஈஸ்டோ எது விட்டாலும் வழக்கத்தில் பாதி போதும். பச்சைத்தண்ணீருக்குப் பதில் பானைத்தண்ணீரில் கரையுங்கள். முக்கியமாக, பின்னேரம் ஆறு மணிக்குக் கரைப்பதை இரவு பத்துக்குத் தள்ளுங்கள். காசில்லாத வெப்பக் கட்டுப்பாடு கடிகாரம்தான். மார்கழியில் இதைத் தலைகீழாக்குங்கள்: வெதுவெதுப்பான தண்ணீர், அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் சட்டி, மேலே ஒரு துவாய். சட்டியைப் பெரிதாக எடுங்கள் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன், உங்கள் மருமகள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

கேள்வி: தயிர் உறைய 40 டிகிரிக்கு மேல் வேண்டும் என்கிறார்கள். கன்னியா வெந்நீரூற்றில் சட்டியை இறக்கி வைத்தால் விறகு மிச்சம்தானே?
— பால்காரர், கன்னியா வீதி

பதில்: ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உங்களுக்கென்றே யாரோ செய்து வைத்ததுபோலத்தான் இருக்கிறது. ஆனால் அது இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று சனங்கள் ஈமக்கடன் செய்ய வருகிற இடம். தயிர்ச் சட்டியோடு நீங்கள் போய் நின்றால் யாருக்குத் திவசம் என்று கேட்பார்கள். பாலைக் காய்ச்சி, சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, அந்த ரெஜிபோம் பெட்டிக்குள்ளேயே மூடி வையுங்கள். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும். மண்சட்டியை விட்டுவிடாதீர்கள், அது தயிரின் நீரை உறிஞ்சிக் கட்டியாக்கும்.

கேள்வி: இஞ்சி பியர் நாங்கள் குடிக்கலாமா?
— வாசகர், இக்பால் நகர்

பதில்: மார்க்கத்தை மௌலவியிடம் கேளுங்கள், நான் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஈஸ்ட் சீனியைத் தின்றால் காற்றும் மதுசாரமும் சேர்ந்தே வரும். நாளும் சூடும் கூடக் கூட மதுசாரமும் கூடும். சந்தேகமே வேண்டாமென்றால் இஞ்சியைச் சீனிப் பாணியில் காய்ச்சி, தேசிக்காய் பிழிந்து, குடிக்கும் நேரத்தில் சோடா விடுங்கள். இதில் நொதிப்பே இல்லை.

கேள்வி: பிரிட்ஜ் இல்லாத காலத்தில் இலங்கையில் பியர் எப்படிச் செய்தார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

பதில்: மலையேறினார்கள். இலங்கையின் பழைய பியர் ஆலை 1881இல் நுவரெலியாவில் எழுந்தது, அங்கே குளிர் இலவசம். யந்திரக் குளிர் மலிந்த பிறகு ஆலை பியகமவுக்கு இறங்கிவிட்டது. ஜெர்மனியில் கார்ல் வொன் லிண்டே என்ற பொறியியலாளரின் குளிரூட்டும் யந்திரத்துக்கு 1870களில் ஆதரவு கொடுத்ததும் மியூனிக் நகரத்துப் பியர்க்காரர்கள்தான். உங்கள் வீட்டு ஐஸ்கிறீம் கெடாமல் இருப்பதற்கு அவர்களுக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

கேள்வி: நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். இங்கே வீட்டில் பியர் செய்வது சட்டப்படி சரி. கோடையில் அறை சூடாகிறது, குளிரூட்டப் பணமில்லை.
— நிலாவெளிப் பெடியன், நோர்வே

பதில்: வைக்கோலுக்குள் இருந்துகொண்டு மாட்டுக்குப் புல் தேடுகிறீர்கள். "குவைக்" என்று அந்த நாட்டுக் கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஈஸ்ட் இருக்கிறது. மர வளையத்தில் உலர்த்தி அடுத்த முறைக்கு வைப்பார்கள். மற்ற ஏல் வகைப் பியர் ஈஸ்டுகள் 20 டிகிரி கேட்கும்போது, இது 35 டிகிரியிலும் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். குளிர் நாட்டு ஈஸ்டுக்கு நம்ம ஊர்ச் சூடு பிடிக்கிறது, நம்ம ஊர்ப் பெடியனுக்கு ஒஸ்லோக் கோடை பிடிக்கவில்லை.

கேள்வி: பழைய பிரிட்ஜும் வெப்பக் கட்டுப்படுத்தியும் வாங்கலாமா, சாரமே போதுமா?
— கணக்குப் பார்ப்பவர், குச்சவெளி

பதில்: மாதம் ஒரு முறை செய்பவருக்குச் சாரம் போதும். வாரம் மூன்று முறை செய்து விற்பவர் பிரிட்ஜ் வாங்கட்டும். இருவருமே முதலில் வாங்க வேண்டியது வெப்பமானி. அடுத்த இதழுக்குக் கேள்வி எழுதுகிறவர்கள் உங்கள் வாளி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அது இல்லாத கடிதத்துக்கு இனிமேல் பதில் கிடையாது.