வெனிஸில் தொலைவது எப்படி?

வெனிஸுக்குப் போனால் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுத் தொலைந்து போங்கள் என்பது பயணக் கட்டுரைகளின் தேய்ந்த உபதேசம். தொலைய விட்டால்தானே! சந்துக்குச் சந்து சுவரில் மஞ்சள் பலகை: ரியால்டோவுக்கு, சான் மார்க்கோவுக்கு. சில முனைகளில் ஒரே பெயருக்கு இடப்பக்கமும் அம்புக்குறி, வலப்பக்கமும் அம்புக்குறி. எப்படிப் போனாலும் வந்து சேர் என்று அர்த்தம். 400க்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊரில், ரியால்டோ பாலத்தின் படிகளில் மட்டும் தோளோடு தோள் இடிபடுவது ஏன் என்று யோசித்தால், நெரிசலில் பாதி அந்த அம்புக்குறியில் இருக்கிறது.

இல்லை, வருகிறவர்களே அதிகம், அதற்குத்தான் நகராட்சி 2024 ஏப்ரலிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது என்பார்கள். நியாயம்தான். ஆனால் பயணத்துக்குக் கொட்டிக் கொடுத்தவர் 5 யூரோவைப் பார்த்தா திரும்பிப் போவார்? கட்டிவிட்டு அதே பலகையின் பின்னால்தான் நடப்பார். கால் கடுத்து சான் மார்க்கோ சதுக்கத்துப் படியில் உட்கார்ந்தால் அபராதம் வேறு. பலகை இல்லாவிட்டால் வழியே தெரியாதே என்ற வாதமும் உண்டு; தெருவாரியாக இல்லாமல் பேட்டைவாரியாக ஆயிரக்கணக்கில் ஓடும் கதவு எண்களைப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் பலகை பார்க்காமல் நடக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். பழைய நகரில் குடியிருக்கும் அவர்களின் எண்ணிக்கை இப்போது 50,000க்கும் குறைவு.