குப்பையை யார் தலையில் கட்டலாம்?

சரித்திரப் புத்தகத்தில் ராஜாக்கள் சண்டை போடுவார்கள், கோட்டை கட்டுவார்கள், மகுடம் சூடுவார்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள் என்றுகூடப் பெருமையாக எழுதியிருக்கும். அந்த ஆயிரம் பேர் கடித்துத் துப்பிய எலும்பெல்லாம் மறுநாள் எங்கே போயிற்று? மூச்! ஒரு வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை.

உண்மையில் பெரிய பெரிய மகுடங்களைத் திணறடித்தது எதிரிப் படையைவிடக் குப்பைதான். எதிரியைத் துரத்தினால் ஓடிவிடுவான். குப்பை நாளைக்கும் வரும். அதை அள்ளுவது யார், அள்ளுகிற கூலியைக் கொடுப்பது யார் என்ற இரண்டே கேள்விக்கு இரண்டாயிரம் வருஷமாக மனித குலம் சொல்லிவரும் ஒரே பதில்: "நானில்லப்பா, அவரு!"

முதலில் ரோம். கி.பி. 38 வாக்கில், தன் குதிரைக்குப் பளிங்கில் லாயம் கட்டிக்கொடுத்த மகானுபாவர் காலிகுலா சக்கரவர்த்தியாக இருந்த சமயம். தெருவெல்லாம் ஒரே சேறு. துப்புரவுக்குப் பொறுப்பு வெஸ்பாசியன் என்ற இளம் அதிகாரி. காலிகுலா மெமோ கொடுக்கவில்லை, சஸ்பெண்ட் செய்யவில்லை. அந்தச் சேற்றையே அள்ளி, அதிகாரி போட்டிருந்த கரை வைத்த டோகா அங்கியின் மடியில் கொட்டும்படி சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டார். வேலையில் அலட்சியம் என்றால் ஸ்பாட் ஃபைன்!

பிற்காலத்தில் அந்த அதிகாரியே சக்கரவர்த்தி ஆகிவிட, இந்த அவமானத்துக்குச் சிலர் அழகான பொழிப்புரை எழுதினார்கள். மடியில் விழுந்தது சேறு இல்லையாம். ரோமாபுரி மண்ணே பிற்காலத்தில் அவரிடம் அடைக்கலம் புகும் என்பதற்கான தெய்வ சகுனமாம். பதவி வந்துவிட்டால் சேறும் சந்தனம்தான்.

கி.பி. 69-ல் வெஸ்பாசியன் அரியணையில் உட்கார்ந்தபோது கஜானா காற்று வாங்கியது. உபயம்: நீரோ. நாட்டை நிமிர்த்த 4,000 கோடி செஸ்டர்ஸ் காசு வேண்டும் என்று புது சக்கரவர்த்தி கணக்குச் சொன்னார். எதன்மேல் வரி போடலாம் என்று ஊரெல்லாம் சுற்றிய அவர் பார்வை, கடைசியில் போய் நின்ற இடம் கழிப்பிடம்.

சிரிக்காதீர்கள். ரோமில் சிறுநீர் என்பது மார்க்கெட் உள்ள சரக்கு. அதிலிருக்கும் அமோனியாவுக்காக சலவைத் தொழிலாளர்கள் அதைச் சேகரித்து, தொட்டியில் ஊற்றி, துணியைப் போட்டு, உள்ளே இறங்கி மிதிப்பார்கள். ரோமானியப் படங்களில் வெள்ளை வெளேரென்று டோகா போட்டு கம்பீரமாக நடந்து வருகிறார்களே செனட்டர்கள், அந்த வெண்மையின் ரகசியம் இதுதான். இனிமேல் அந்தக் காட்சி வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது உங்கள் விருப்பம்.

மகன் டைட்டஸுக்கு மானம் போயிற்று. "அப்பா, போயும் போயும் இதிலா வரி?" என்று ஆட்சேபித்தார். அப்பா அசரவில்லை. முதல் வசூலிலிருந்து ஒரு காசை எடுத்து மகன் மூக்குக்கு நேரே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டார். இல்லை என்றார் மகன். ஆனாலும் வந்த இடம் அதுதான் என்றார் அப்பா. நாய் விற்ற காசு குரைக்காது என்று நம் பாட்டிகள் சொல்வதைத்தான் ஐரோப்பாவில் இன்றுவரை பெரிய பொருளாதாரத் தத்துவமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வெஸ்பாசியனின் சிக்கனம் ஊரறிந்த விஷயம். இறுதி ஊர்வலத்தில் அவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒரு நடிகர் வந்தார் (அது அந்த ஊர் சம்பிரதாயம்). "இந்தச் சடங்குக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டார். ஒரு கோடி செஸ்டர்ஸ் என்றார்கள். "ஒரு லட்சத்தைக் கையில் கொடுங்கள், என்னைத் தூக்கி டைபர் ஆற்றில் போட்டுவிடுங்கள்" என்றார் 'சக்கரவர்த்தி'. செலவைக் குறைத்தால் குப்பை கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும் என்பதை அன்றைக்கே விளக்கிவிட்டார்.

அடுத்து பாரிஸ். 1185-ல் அரசர் இரண்டாம் ஃபிலிப் அரண்மனை ஜன்னலில் காற்று வாங்க நின்றார். கீழே வண்டிகள் தெருச் சேற்றைக் கிளற, எழுந்த வாடையில் மன்னரால் நிற்க முடியவில்லை. உடனே தெருக்களுக்குக் கல் பாவ உத்தரவு. ஊருக்கு நாறினால் அது விதி; ராஜாவுக்கு நாறினால் அது திட்டம்.

அதற்குப் பிறகு எழுநூறு வருஷம் ஓடியும் பாரிஸ்காரர்கள் குப்பையைத் தெருவில்தான் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1883-ல் யூஜீன் புபெல் என்ற முன்னாள் சட்டப் பேராசிரியர் நகர நிர்வாகியாக வந்தார். வந்த வருஷமே ஒரு ஆணை: ஒவ்வொரு வீட்டு ஓனரும் தன் செலவில் மூடி போட்ட தொட்டி வைக்க வேண்டும். ஒன்றல்ல, மூன்று! சமையலறைக் கழிவுக்கு ஒன்று. காகிதம், கந்தல் துணிக்கு ஒன்று. கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. (பாரிஸ்காரர்கள் தின்ற சிப்பிக்கும் தொட்டியில் இடம் தேவைப்பட்டிருக்கிறது!) மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நம் தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி வருகிறதே, அந்த ஐடியாவுக்கு வயது 140-க்கு மேல்.

ஊர் கொந்தளித்தது. ஓனர்களுக்குத் தொட்டி வாங்கும் செலவு வயிற்றெரிச்சல். அதைவிடப் பெரிய கூச்சல் ஆயிரக்கணக்கான கந்தல் பொறுக்குபவர்களிடமிருந்து வந்தது. முதுகில் கூடை, கையில் கொக்கி, லாந்தர் சகிதம் ராத்திரியெல்லாம் குப்பையைக் கிளறி, துணியைக் காகித ஆலைக்கும் எலும்பைப் பொத்தான் செய்பவர்களுக்கும் விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். தொட்டிக்கு மூடி போட்டால் பிழைப்புக்கும் மூடி. கடைசியில், குப்பை வண்டி வருவதற்குள் கிளறி எடுத்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஆயிற்று. அரசாங்கம் எவ்வளவு பெரிய திட்டம் போட்டாலும் காயலான் கடைக்காரரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது.

மூன்று தொட்டியில் பிரித்துப் போடுவது நடந்ததா? அதெப்படி நடக்கும்! எல்லாவற்றையும் ஒன்றில் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். பத்திரிகைகள் வேறு கேலியாக அந்தத் தொட்டிக்கே 'புபெல் பெட்டி' என்று பேர் வைத்துவிட்டன. அது ஒட்டிக்கொண்டது. 1894-ல் வீட்டுக் கழிவு முழுவதும் பாதாளச் சாக்கடைக்குள் போக வேண்டும் என்று மறுபடி ஓனர்கள் பையில் கை வைத்த மனிதர் அவர்; பிறகு வாடிகனுக்கே தூதராகப் போனார். என்ன பிரயோஜனம்? இன்று பிரான்ஸ் முழுக்க 'புபெல்' என்றால் குப்பைத் தொட்டி. தெருவுக்குத் தெரு தன் பேர் இருக்க வேண்டும் என்று ஏங்கும் தலைவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்வது நல்லது.

இருபதாம் நூற்றாண்டில் குப்பைக்குப் புது ரகம் சேர்ந்தது: எலெக்ட்ரானிக்ஸ். 1982 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவின் அடாரி கம்பெனி, ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படத்தை வைத்து ஒரு வீடியோ கேம் இறக்கியது. பண்டிகைக்கு வந்தே தீர வேண்டும் என்ற அவசரத்தில் ஐந்தே வாரத்தில் தயாரானது. ஆடிப் பார்த்தால் ஈ.டி. பள்ளத்தில் விழுகிறது, ஏறுகிறது, மறுபடி விழுகிறது. விற்காத சரக்கு மலையாகக் குவிந்தது. 1983-ல் லாரிகளில் ஏற்றி, நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் குழி தோண்டிப் புதைத்து, மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள். பள்ளத்திலேயே விழுந்து எழுந்த ஈ.டி. இந்தப் பள்ளத்திலிருந்து எழவில்லை.

2014-ல் அதைத் தோண்டினார்கள். சுமார் 1,300 கேசட்டுகள் கிடைத்தன. கடையில் சீந்துவாரில்லாத அதே கேசட் ஏலத்தில் 1,500 டாலருக்கு மேல் போயிற்று. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரண் சாமானைத் தூக்கிப்போடச் சொல்லி யாராவது கத்தினால் இந்தத் தகவலைச் சொல்லலாம். பலன் இருக்காது.

புதைக்க இடமில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? கப்பல் ஏற்றினார்கள்! 1986-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் குப்பையை எரித்த சாம்பல் சுமார் 14,000 டன்னைச் சுமந்துகொண்டு 'கியான் ஸீ' என்ற கப்பல் கிளம்பியது. பஹாமாஸ் வேண்டாம் என்றது. பனாமா, ஹோண்டுராஸ், டொமினிகன் குடியரசு... எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். ஹைட்டியில் மட்டும் 'உரம்' என்று கதை விட்டு 4,000 டன்னைக் கடற்கரையில் இறக்கினார்கள். விஷயம் தெரிந்த ஹைட்டி அரசு திருப்பி ஏற்றச் சொன்னது. கப்பல் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டியது.

அப்புறம் கப்பல் 'ஃபெலீசியா' ஆனது, 'பெலிகானோ' ஆனது. நம் பக்கத்து இலங்கை வரை முட்டிப் பார்த்தது. பேரை மாற்றினாலும் சாம்பலை மாற்ற முடியவில்லை. 1988 நவம்பரில் சிங்கப்பூரில் தலைகாட்டியபோது உள்ளே சுத்தமாகக் காலி! மிச்சமிருந்த 10,000 டன் எங்கே? பொறுப்பாளர்களுக்குத் தெரியாதாம். நடுக்கடலில் கொட்டிய கதை பின்னால் வெளியே வந்தது. பொய்ச் சாட்சிக்காக இரண்டு பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஹைட்டியில் விட்டுப்போன சாம்பலோ 2002-ல் புறப்பட்ட பென்சில்வேனியா மாநிலத்துக்கே திரும்பியது, மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த மருமகனைப் போல.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் 1989-ல் பாஸல் உடன்படிக்கை வந்தது. ஆபத்தான கழிவை அடுத்த நாட்டுக்கு அனுப்புவதானால் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். கப்பலை அனுப்பிய அமெரிக்கா 1990-ல் கையெழுத்துப் போட்டது. அதை உறுதி செய்யும் வேலை மட்டும் இன்னும் பாக்கி.

1990-ல் ஸ்வீடனின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் ஒரு யோசனை சொன்னார்: பொருளைச் செய்து விற்றவனே அதன் கடைசிக் காரியத்துக்கும் பொறுப்பு. அடடா, கடைசியில் சரியான தலை கிடைத்துவிட்டது என்று உலகமே கைதட்டியது. ஸ்விட்சர்லாந்தில் கம்ப்யூட்டர் வாங்கும்போதே அதை அழிக்கும் கட்டணத்தையும் பில்லில் சேர்த்தார்கள். தொட்டில் வாங்கும்போதே பாடைக்கும் அட்வான்ஸ்! கம்பெனியின் பொறுப்பு எப்படி நம் பில்லில் வந்து உட்கார்ந்தது என்று கேட்காதீர்கள். வெஸ்பாசியன் இருந்தால் எழுந்து நின்று வணங்கியிருப்பார்.

இந்தியாவில் மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் அமலுக்கு வந்தன. இப்போது நடப்பது 2022 விதிகள்: கம்பெனிகள் தாங்கள் விற்றதற்கு ஏற்ற அளவு மறுசுழற்சி நடந்ததாக, பதிவு பெற்ற நிறுவனங்களிடம் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். அதற்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்ததும் பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. லட்ச ரூபாய் டிவி விற்பவர்களுக்கு 22 ரூபாய் வலிக்கிறது. பாரிஸ் வீட்டு ஓனர்களின் ஆவி எங்கும் போகவில்லை, ஏசி ரூமில்தான் இருக்கிறது.

2022-ல் உலகம் போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் ஒரு பங்கு டெல்லி சீலம்பூர் மாதிரியான இடங்களில் வெறுங்கையால் உடைபடுகிறது. வயரை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். மனசு வைத்தால் என்ன செய்யலாம் என்று ஜப்பான் காட்டியது. சுமார் 62 லட்சம் பழைய செல்போன்கள் உட்பட 78,985 டன் சாதனங்களை மக்களிடம் வாங்கி, 32 கிலோ தங்கம் எடுத்து, டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்கள் அத்தனையையும் அதிலேயே செய்துவிட்டார்கள்.

ஆகவே வாசகரே, உங்கள் டிராயரில் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தூங்கும் பழைய போன்களை எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் இன்றைக்கே எடுங்கள். பேரீச்சம்பழத்துக்கு மயங்காமல், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தின் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன் மறக்காமல் போட்டோக்களை அழித்துவிடுங்கள். சரித்திரத்துக்கு எல்லாமும் தெரிய வேண்டியதில்லை.