நாஞ்சில் நாட்டுத் தேன்கடைகளில் வீடியோ ஹோஸ்டிங்: மருமக்கள்வழி நோக்கில் ஓர் ஆய்வு

கல்வெட்டு, கோயில், குளம், நெல்வகை என்று நாஞ்சில் நாட்டில் ஆராயப்படாத பொருள் அருகிவிட்டது. எஞ்சிய ஒன்றிரண்டில், தேன்கடையின் இணையதளத்துக்கான ஒன்றரை நிமிட வீடியோவை எங்கே குடியமர்த்துவது என்பதும் ஒன்று. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தின் வழியாகப் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய ஸ்பென்சர் ஹாட்ச் இதுபற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இதில் மௌனம் சாதிக்கிறது.

ஆய்வின் வசதிக்காக வடசேரியில் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். மார்த்தாண்டம் விளவங்கோட்டில் அல்லவா கிடக்கிறது, நாஞ்சில் நாடு தோவாளை, அகஸ்தீஸ்வரத்தோடு முடிந்துவிடுமே என்று ஆட்சேபிப்போருக்கு: தேன்தான் அங்கிருந்து வருகிறது, கடைக்காரர் கலப்படமற்ற நாஞ்சில்காரர்.

வீடியோ எதற்கு? ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துப் புதிதாகத் துளிர்க்கும். அந்தத் துளிரின் காம்பில் சுரப்பதைத்தான் தேனீ உறிஞ்சிக்கொண்டு போகிறது. பூ வேண்டியதே இல்லை. இதைச் சென்னை வாடிக்கையாளரிடம் சொன்னால், பூவில்லாத தேனா, சர்க்கரைப் பாகுதான் என்று போனை வைத்துவிடுகிறார். ஆகவே அடையை இயந்திரத்தில் மாட்டிச் சுற்றுவதையும் தேன் தெறித்து வடிவதையும் படம்பிடித்துக் காட்டியாக வேண்டும்.

இனி, வீடியோவை எங்கே வைப்பது என்பதில் உள்ள மதங்கள். வாட்ஸ்அப் மதத்தாருக்கு இணையதளமே மாயை. கேட்பவருக்கு அனுப்பினால் போதும் என்பர். ஆனால் ஓரளவு தெளிவான ஒன்றரை நிமிடம் (விநாடிக்கு 2 மெகாபிட்) ஏறத்தாழ 22 எம்.பி. வரும். வாட்ஸ்அப்பின் பழைய வரம்பு 16. அதற்குள் நசுக்கிய காலத்தில் தேனும் பாகும் ஒன்றுபோலத் தெரிந்தன; தத்துவத்தில் அத்வைதம், வியாபாரத்தில் நஷ்டம்.

சொந்த சர்வர் மதம் சற்று வீரமானது. தளம் இருக்கும் மலிவு சர்வரிலேயே கோப்பை ஏற்றிவிடுவது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் திரும்பும்போது சிக்னல் மெலியும். ஒரே துண்டான அந்தக் கோப்பு அங்கேயே உறைந்து நிற்கும். வீடியோவுக்கென்றே இருக்கும் சேவைகள் அதைப் பல தரங்களில், சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைத்து, சிக்னலுக்குத் தக்கதை எடுத்து ஊட்டுகின்றன. ‘அளவற்ற’ டேட்டா என்று விளம்பரத்தில் போட்ட மலிவு சர்வர்க்காரர்கள் அளவை எங்கே எழுதியிருக்கிறார்கள் என்பதை அறிய, ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்கலாம். யாரும் படித்ததில்லை.

பெரும்பான்மை மதம் யூடியூப். “ஓசியில கெடக்கும்போ எதுக்கு மாமா துட்டு?” என்பதே அதன் மூல சூத்திரம். உரைகாரர்கள் கவனிக்கத் தவறியது இது: யூடியூப் ஒரு மருமக்கள்வழிக் குடும்பம். குடும்பத் தலைவரான காரணவர் பாடுபட்டுச் சேர்த்தது சகோதரி மகனான மருமகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று கொஞ்சம். கடைக்காரர் படாத பாடுபட்டு ஆளைக் கூட்டிவருகிறார். தளத்தில் பதித்த யூடியூப் வீடியோவின் தலைப்பைத் தொட்டதும் அந்த ஆள் யூடியூபுக்குள் போய், ‘கலப்படத் தேனைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்ற ரீதியில் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிவில் வரும் பரிந்துரைகளை அடியோடு மறைக்கும் வசதி 2018 செப்டம்பரோடு போயிற்று. இப்போது அவை சொந்த சேனலுடையவையாக இருக்கும்படி மட்டும் செய்யலாம். 2021 ஜூனிலிருந்து, கூட்டாளியாகச் சேராதவரின் வீடியோவிலும் யூடியூப் விளம்பரம் ஓட்டலாம். காசில் பங்கு கிடையாது. உகந்துடைமையான 55 சதவீதம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வை. ஒன்றரை நிமிட வீடியோவை 1,60,000 முறை முழுதாகப் பார்க்க வேண்டும். அத்தனை பேருக்குக் கொடுக்க ரப்பர் காட்டில் தேன் இல்லை.

வீமியோ யூடியூபுக்கு ஓராண்டு மூத்தது, 2004-இல் பிறந்தது, விஸ்டியா 2006. மரியாதையான இடங்கள். ஆனால் அவற்றின் சந்தா, கம்பெனிகளை நினைத்துப் போடப்பட்டது. ஒரே வீடியோ உள்ளவருக்குக் கட்டாது.

சித்தாந்தம் அளந்து காசு வாங்கும் சேவைகளில் இருக்கிறது. கிளவுட்ஃபிளேர் ஸ்ட்ரீமில் 1,000 நிமிடம் வைக்க மாதம் 5 டாலர், 1,000 நிமிடம் காட்ட 1 டாலர். நம்மவரிடம் இருப்பது ஒன்றரை நிமிடம். மீதி 998½ நிமிடத்துக்குத் தண்டவாடகை. பன்னி நெட்டில் ஆசியாவுக்கு ஒரு ஜி.பி.க்கு 3 சென்ட். ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தாலும் 22 ஜி.பி., 66 சென்ட். மாதக் குறைந்தபட்சக் கட்டணம் 1 டாலர் என்பதால் அதைக் கட்டித் தீரவேண்டும். ஏறத்தாழ நூறு ரூபாயில் முடியும். யூடியூபிலும் ஒரு பிரதி கிடக்கட்டும், தேடுகிறவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். ‘வாங்க’ பொத்தானுக்குப் பக்கத்தில் மட்டும் காசு கட்டிய வீடியோ. இதற்கு மேல் யோசிப்பது சிறுகடைக்கு ஆடம்பரம்.

இத்துடன் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். கள ஆய்வில் வேறொன்று தட்டுப்பட்டது. கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடிக் கேலிசெய்த அந்த வழக்கத்தை, 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து முடித்துவைத்தது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அது தவறு. கடையின் யூடியூப் சேனல், இணையதளம், டொமைன் மூன்றும் சகோதரி மகனின் ஜிமெயிலில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் படித்தவன் அவன்தான். பெற்ற மகன் கல்லாவில் உட்கார்ந்து குப்பிக்கு லேபிள் ஒட்டுகிறான். புதிய சேவைக்கு மாற முடிவெடுத்து மாமா லாகின் செய்தபோது ஓடிபி சார்ஜாவுக்குப் போயிற்று.

“மக்கா, நம்பர் வந்தா சொல்லுடே.”

“டூட்டியில இருக்கேன் மாமா, ராத்திரி பாப்போம்.”

ராத்திரி என்றால் எந்த நாட்டு ராத்திரி என்பதை மருமகன் தெளிவுபடுத்தவில்லை. ஓடிபி பத்து நிமிடத்தில் காலாவதியாயிற்று.